நிற்காமல் போன வாசல்

எனக்கு எழுபது வயது. ஆதார் கார்டில் அறுபத்தாறு என்றுதான் இருக்கும். கார்டு எடுக்க வந்தவர் என் முகத்தைப் பார்த்து ஒரு வருஷத்தைப் போட்டார், குறைவாக இருந்தால் நல்லதுதானே என்று நானும் விட்டுவிட்டேன். வளர்த்தது ஐந்து பேர். நாலு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது, என் நாத்தனார் கண்ணை மூடியபோது கைக்குழந்தையாக இருந்த அவள் மகள். ஐந்து பேரும் இன்றைக்குத் தனித்தனி அடுப்பு வைத்து, யார் கையையும் எதிர்பார்க்காமல் பிழைக்கிறார்கள்.

அது போக, பத்துப் பதினைந்து வருஷம் நடவுக்கு ஆள் கூப்பிட்டவள் நான். அதற்குப் பிறகு ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஆள் கூப்பிட்டேன். அத்தனை வருஷத்தில் ஒருத்தியைக்கூட முகத்துக்கு நேராக "நீ வேணாம்" என்று சொன்னதில்லை. இதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை என்பதைத்தான் எழுதச் சொல்லியிருக்கிறேன்.

எழுதுவது என் பேத்தி. நான் ரெண்டாம் வகுப்பு. பஸ்ஸில் போட்டிருக்கிற ஊர்ப்பேரை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்ல அவள் காலேஜில் எழுதுகிற மாதிரி திருத்தி எழுதுகிறாள். மற்றவர்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்றேன். அவர்கள் பேச்சைத் திருத்த எனக்கு உரிமை இல்லை.

போன மாதம் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. எச்.ஆர். மேனேஜர் அம்மா வேலை மாறி வெளியூர் போகிறார், பழைய ஆட்களைப் பார்க்க வேண்டும் என்கிறார், வண்டி அனுப்புகிறோம் என்றார்கள். நான் அந்த வேலையை விட்டு ஏழெட்டு வருஷம் ஆகிறது. இருந்தாலும் நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன்.

எச்.ஆர். என்றால் இன்னதென்று முதலில் எங்களுக்குத் தெரியாது. ஆள் எடுப்பது, நிறுத்துவது, லீவு கொடுப்பது, சண்டை வந்தால் விசாரிப்பது, எல்லாம் அந்த ஒரு ரூமில் நடக்கும் என்று மட்டும் தெரியும். அதில் உட்கார்ந்திருந்த அம்மாவை நாங்கள் எச்சாரம்மா என்றே கூப்பிட்டோம். வந்த புதிதில் அவருக்கு முப்பது வயதுகூட இருக்காது. எங்கள் பெண்களை விடச் சின்னவர். ஆனாலும் எச்சாரம்மாதான்.

மாலை போட்டார்கள், கேக் வெட்டினார்கள். புதிதாக வந்த ஆபீசர் ஒருவர் என் கையில் மைக்கைக் கொடுத்து, "பாட்டி, நல்ல எச்.ஆர்.னா எப்படி இருக்கணும்? ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

"பேரு தெரியணும்" என்றேன். "ஆள் எவ்வளவு பேர் இருந்தாலும் ஒவ்வொருத்தர் பேரும் தெரியணும். ஒருத்தர் பேச்ச மட்டும் கேட்டுனு முடிவு எடுக்கக் கூடாது. அப்புறம், கசப்பான சேதியா இருந்தாலும் மூஞ்சிக்கு நேரா சொல்லணும். இந்த அம்மா சொல்லுவாங்க."

கை தட்டினார்கள். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நான் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். எச்சாரம்மா போகிற வருத்தம் என்று எல்லோரும் நினைத்தார்கள். எச்சாரம்மா அப்படி நினைக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தது வேறு ஒருத்தியை. எங்கள் தெருவில் என் வீட்டிலிருந்து ஏழு வீடு தள்ளி இருக்கிறாள். பன்னிரண்டு வருஷமாக அவளும் நானும் பேசுவதில்லை.

எங்கள் ஊர் பாகூர் ஏரித் தண்ணீர் பாய்கிற ஊர். அவளும் நானும் ஒரே வருஷம் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்தவர்கள். ரெண்டு பேரும் ஒரே நாளில் கழனியில் இறங்கினோம். நடவு நடுகிறவள் முன்னால் போவதில்லை, பின்னால் பின்னால் நகர்ந்துகொண்டே நட வேண்டும். கை மெதுவானவள் தனியாக முன்னால் நின்றுவிடுவாள். ரெண்டு பக்கமும் நட்டுவிட்டுப் போயிருப்பார்கள், அவள் மட்டும் நடுவில் குனிந்து கிடப்பாள். வரப்பில் நிற்கிறவர் கண்ணுக்கு முதலில் அவள்தான் தெரிவாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில் இருந்தபோது எனக்குக் குனிய முடியவில்லை. அந்த நடவு முழுக்க அவள் என் பக்கத்து வரிசையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நாற்றையும் நட்டு, என் வரிசையில் பாதியையும் சேர்த்து நட்டுக்கொண்டே பின்னால் போனாள். ஒரு நாளும் நான் தனியாக முன்னால் நிற்கவில்லை.

"ஏண்டி இப்பிடி பண்ற, இடுப்பு போயிடும்டி" என்று சொன்னதற்கு, "நீ பேசாம வா. புள்ள பொறந்ததும் எம்பேர வெச்சுடு, தீந்துச்சு" என்றாள். ஆண் பிள்ளை பிறந்தது. அதைச் சொல்லி முப்பது வருஷம் என்னைக் கிண்டல் பண்ணினாள்.

பிறகு ஆள் கூப்பிடுகிற பொறுப்பு எனக்கு வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரு முறை உண்டு. முதல் நாள் சாயங்காலம், விளக்கு வைப்பதற்குள், ஆள் கூப்பிடுகிறவள் வீடு வீடாகப் போய் வாசலில் நிற்க வேண்டும். "நாளைக்கு ஏரிக்கரை கழனி, ஏழு மணி" என்று சொல்ல வேண்டும். உள்ளேயிருந்து "ம்" என்று குரல் வரும். அந்த "ம்" வந்தால் அவள் வருவாள். ஆள் கொஞ்சம் போதும் என்றால், "நாளைக்கு உனுக்கு ஓய்வு, நாளான்னிக்கு வா" என்று அதையும் வாசலில் நின்று சொல்லிவிடுவோம். வாசலில் நிற்காமலே தாண்டிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இனிமேல் நீ வர வேண்டாம். ஏன் என்று யாரும் கேட்க மாட்டார்கள். ஆள் கூப்பிட்டவளும் சொல்ல மாட்டாள். கை சரியில்லை, வாய் சரியில்லை, உடம்பு சரியில்லை, ஏதோ ஒன்று. வார்த்தை தடிக்காமல் முடிந்துவிடும். மறுநாள் கிணற்றடியில் ரெண்டு பேரும் பார்த்தால் சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாம். அதை ரொம்ப மரியாதையான முறை என்று நினைத்திருந்தேன்.

அப்படி நான் தாண்டிப் போன வாசல்கள் ஆறேழு இருக்கும். அந்த வீட்டுப் பெண்கள் அன்றைக்கு உள்ளே என்ன செய்தார்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நடவு குறைந்து வந்த காலத்தில் வில்லியனூர் பக்கத்தில் அந்த மருந்துக் கம்பெனிக்குப் பெண்கள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். இருமல் மருந்து பாட்டிலில் அடைக்கிற கம்பெனி. என் ஆட்களில் பதினோரு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். காலையில் கோயில் வேப்பமரத்தடிக்கு வேன் வரும், கரிக்கலாம்பாக்கம் வழியாகப் போகும். நாளைக்கு எந்த ஷிஃப்ட், எத்தனை பேர் என்று வேலை விடுகிற நேரத்தில் ஆபீசில் எனக்குச் சொல்லிவிடுவார்கள். சாயங்காலம் நான் பழைய மாதிரியே பதினோரு வாசலிலும் நின்று சொல்வேன். கம்பெனி மாறினாலும் முறை மாறவில்லை.

முதலில் எச்.ஆர். ரூமில் ஒரு ஆண் இருந்தார். அவருக்கு எங்கள் பேர் ஒன்றும் தெரியாது, நம்பர்தான். யாரையாவது நிறுத்துவது என்றால் ரிஜிஸ்டரில் இருக்கிற பேரை ஒரு காகிதத்தில் எழுதிச் சனிக்கிழமை கேட்டில் ஒட்டுவார். எங்களில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. "எம்பேரு இருக்குதா பாருடி" என்று படிக்கத் தெரிந்த சின்னப் பெண்ணின் கையைப் பிடித்துக் கேட்க வேண்டும். அந்தப் பெண் பதில் சொல்லாமல் நின்றால் இருக்கிறது என்று அர்த்தம். யாரையாவது ரூமுக்குக் கூப்பிட்டாலும் அப்படித்தான். போனவள் திரும்பிப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போவாள்.

அவர் போய் எச்சாரம்மா வந்தார். முதல் வாரத்தில் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு எங்களோடு சாப்பிடுகிற இடத்தில் உட்கார்ந்தார். பேர், ஊர், வீட்டில் எத்தனை பேர், எது முடியாது, எது முடியும் என்று கேட்டு எழுதினார். அடுத்த வாரம் நோட்டு இல்லாமல் வந்து பேர் சொல்லிக் கூப்பிட்டார். கேட்டில் காகிதம் ஒட்டுவது நின்றது. ஒருத்தியை நிறுத்த வேண்டி வந்தால் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்துச் சொன்னார். அவள் அழுதால் அழுது முடிக்கிற வரைக்கும் கூடவே இருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். அழுகிறவளை எதிரில் வைத்துக்கொண்டு எதற்கு இந்தச் சங்கடம், நம் முறைதான் நல்லது என்று மனசுக்குள் நினைத்தேன்.

என் சிநேகிதிக்கு பாட்டில் பார்க்கிற வேலை. பின்னால் வெள்ளை விளக்கு எரியும். அதன் முன்னால் காலி பாட்டில்கள் நகர்ந்து வரும். கீறல், தூசி, கண்ணாடித் துகள் இருந்தால் எடுத்துத் தனியே வைக்க வேண்டும். கழனியில் மாதிரி இங்கேயும் அவள் கைதான் வேகம். ஆனால் நாலைந்து வருஷத்தில் அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க ஆரம்பித்தாள். கீறல் விழுந்த பாட்டில்கள் அவளைத் தாண்டிப் போயின. நான் அவளுக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவள் விட்டதை நான் எடுத்தேன். அவள் எனக்கு நட்டாள், நான் அவளுக்குப் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் எச்சாரம்மா எங்களுக்குப் பின்னால் வந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்திருக்கிறார். வேலை விடுகிற நேரத்தில் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, அவங்களுக்குக் கண்ணு சரியா தெரியலை இல்லையா?"

"நல்லாத்தான் தெரியுது மா. நேத்து தூக்கம் பத்தல."

"நீங்க எத்தனை நாளா அவங்க பாட்டிலையும் சேத்துப் பாக்கறீங்க?"

நான் பையின் வாரைத் திருகிக்கொண்டு நின்றேன்.

"இது மருந்து பாட்டில் அம்மா. ஒரு நாள் நீங்க லீவு போட்டா இன்னா ஆவும்? நாளைக்கு அவங்கள என் ரூமுக்குக் கூட்டிட்டு வாங்க. நானே அவங்ககிட்ட பேசணும்."

அவ்வளவுதான் சொன்னார். நிறுத்தப் போகிறேன் என்று சொல்லவில்லை. நான்தான் அப்படி எடுத்துக்கொண்டேன். ரூமுக்குக் கூப்பிட்டால் பையைத் தூக்க வேண்டியதுதான் என்று மனசில் பழைய ஆள் ஒட்டிய காகிதம்தான் ஓடியது. அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, மகள் வயசில் இருக்கிறவர் எதிரில், "உங்களுக்குக் கண்ணு தெரியலை" என்று கேட்டுக்கொள்ள வேண்டுமா? என் சிநேகிதியை அந்த இடத்துக்கு நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவதா?

அன்றைக்கு வேனில் அவள்தான் எல்லோரையும் சிரிக்கவைத்துக்கொண்டு வந்தாள்.

"நேத்து கூத்தக் கேளுங்கடி. வாசல்ல நின்னது பக்கத்து வூட்டுக்காரின்னு நெனச்சினு, எம்மருமவளப் பத்தி ஒரு மணி நேரம் கோள் சொல்லியிருக்கறேன். அவளும், ‘ஆமாங்க, உங்க மருமவ ரொம்ப மோசம்’னு ஒத்து ஊதறா. கடைசியில பாத்தா நின்னது எம்மருமவளேதான்."

"அப்புறம் சோறு போட்டாளா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போட்டா. உப்புதான் போடல."

வேன் முழுக்கச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இன்னாடி, பல்லு வலியா?" என்று என் தொடையில் தட்டினாள்.

சாயங்காலம் ஆள் கூப்பிடக் கிளம்பினேன். என் வீட்டிலிருந்து ஒவ்வொரு வாசலாக நின்று, "காலை ஷிஃப்ட், ஆறரை" என்று சொல்லிக்கொண்டு போனேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் "ம்" வந்தது. அவள் வீட்டு வாசலில் குழாயடியில் அவள் குந்திக்கொண்டு டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினால் அவள் தலையைத் தொடலாம். அவ்வளவு பக்கத்தில் போனேன். நிற்கவில்லை.

அவள் தலையைத் தூக்கி, "யாரு?" என்றாள்.

"நான்தான்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் அவளுக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் வேப்பமரத்தடியில் வேன் நின்றது. பத்துப் பேரும் ஏறியாகிவிட்டது. அவள் தலை சீவி, பூ வைத்து, பையை மாட்டிக்கொண்டு வந்தாள். தன் வாசலை நான் தாண்டிப் போவேன் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"இன்னாடி, நேத்து எங்க வூட்ட மறந்துட்டியே. வயசாயிடுச்சா உனுக்கு? ஆறரையா இருக்கும்னு நானே வந்துட்டேன்."

உள்ளே இருந்த பெண்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆளு போதுமாம்" என்றேன்.

அவள் வேனுக்குப் பக்கத்தில் வந்தாள். கண் தெரியாதவர்கள் பார்ப்பது போல என் குரல் வந்த பக்கமாகப் பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள். வேன் கிளம்புகிற நேரத்தில் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினாள். "கருவாட்டுக் கொழம்பு. உனுக்குன்னு எடுத்தாந்தேன். வெச்சிக்கோ."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்தால் எல்லோர் முன்னாலும் அவளுக்கு இன்னொரு அவமானம். அன்றைக்கு மத்தியானம் அதைத் திறக்க என்னால் முடியவில்லை.

எச்சாரம்மா, "அவங்க எங்க?" என்று கேட்டார்.

"அவளே நின்னுட்டா மா. மருமவ மாசமா இருக்கறா. வூட்டாண்ட ஆள் இல்ல." மருமகள் மாசமாக இருந்தது உண்மை. மற்றது நான் சொன்ன பொய்.

"என்கிட்ட சொல்லாமலேவா?" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

நாலு நாள் போனது. ஐந்தாம் நாள் என்னை ரூமுக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் ஒரு காகிதம் இருந்தது.

"அம்மா, எனக்கு மனசு கேக்கலை. அன்னிக்கு நான் அவங்கள எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? நீங்க வேலைக்குப் போட்டுக்கற கோட்டு, தொப்பி எல்லாம் தொவைச்சு வருதில்ல, அத மடிச்சு அடுக்கற ரூம்ல ஆள் வேணும். கையால தடவிப் பாத்தே செய்யலாம். அவங்கள அங்க மாத்தலாம்னு இருந்தேன். இது கண் ஆஸ்பத்திரிக்கு. அவங்களுக்கு லீவும் எழுதி வெச்சிருக்கேன்."

நான் அந்தக் காகிதத்தைப் பார்த்தேன். அதில் அவள் பேர் இருந்தது. அதை மட்டும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஐந்து பேரை வளர்த்தவள், இருபது முப்பது பெண்களை நடத்தினவள், தப்புப் பண்ணிவிட்டேன் என்று சின்னப் பெண்ணிடம் சொல்ல வாய் வரவில்லை. "சொல்லிப் பாக்கறேன் மா" என்றேன்.

"வேணாம். நானே வரேன்" என்றார்.

அன்றைக்கு எங்களோடு வேனிலேயே வந்தார். நான்தான் வீட்டைக் காட்ட வேண்டும். போகிற வழியில் என் வீட்டைக் காட்டிவிட்டு, அதைத் தாண்டி நடக்கும்போது ஒவ்வொரு அடியும் எனக்குத் தெரிந்தது. அவள் வாசலில் எச்சாரம்மா நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் வெளியே வந்தாள். பாய் போட்டு உட்காரச் சொன்னாள்.

எச்சாரம்மா வேலையைப் பற்றிச் சொன்னார். கோட்டு மடிக்கிற ரூம், ஆஸ்பத்திரிக் காகிதம், எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் முகம் மெதுவாக என் பக்கம் திரும்பியது. யாரும் தன்னை நிறுத்தச் சொல்லவில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. நிறுத்தியது நான் என்று தெரிகிறது.

"நீங்களே நின்னுட்டதா சொன்னாங்க. நெசமா அம்மா?" என்று எச்சாரம்மா கேட்டார்.

அவள் சொல்கிற ஒரு வார்த்தையில் என் மானம் போய்விடும். அவள் சொல்லலாம். அவளுக்கு அந்த நியாயம் இருந்தது.

"ஆமா மா" என்றாள். "நானாத்தான் நின்னுட்டேன்."

"திரும்ப வாங்களேன்."

"வேணாம் மா. நின்னது நின்னதுதான்."

"கண்ணையாவது காட்டிக்கங்க."

"பாத்துக்கறேன் மா. நீங்க காப்பித் தண்ணி குடிங்க."

எச்சாரம்மாவுக்கு டம்ளரைக் கையில் கொடுத்தாள். எனக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

எச்சாரம்மா விறுவிறுவென்று தெருமுனைக்கு நடந்தார். வேனுக்குப் பக்கத்தில் வந்ததும் நின்றார். "அம்மா, நீங்க அவங்ககிட்ட இன்னாதான் சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல மா."

வேப்பமரத்தடியில் சொன்ன அந்த ரெண்டு வார்த்தையை விட்டால் அது உண்மை. அவர் என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே எல்லாம் எழுதியிருந்திருக்கும். எங்கள் ஊர் ஆள் கூப்பிடுகிற முறையைச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் எத்தனையோ தடவை அவரிடம் கதையாகச் சொல்லியிருக்கிறார்கள்.

"நாலு நாள் உங்க பேச்ச மட்டும் கேட்டுட்டு நான் சும்மா இருந்தேனே, அது என் தப்பு" என்றார். பிறகு சொன்னார்: "திங்கக்கிழமையில இருந்து ஆள் கூப்பிடற வேலை உங்களுக்கு வேணாம் அம்மா. பதினோரு பேருக்கும் நானே போன்ல சொல்லிக்கறேன். உங்க மேல கோவம் இல்ல. உங்க வேலை உங்களுக்கு இருக்குது. ஆனா இது உங்க கையில இருக்கக் கூடாது."

என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என் முகத்துக்கு நேராக "வேணாம்" என்றார். வலித்தது. ஆனால் எது வேண்டாம், ஏன் வேண்டாம், இன்னும் எது இருக்கிறது என்று மூன்றும் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துக்கொண்டு கிடக்க வேண்டிய பாக்கி ஒன்றும் இல்லை. அவளுக்கு நான் அந்த மூன்றில் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. "யாரு?" என்று கேட்டவளுக்குப் பதில்கூடக் கொடுக்கவில்லை. கேட்டில் காகிதம் ஒட்டினவரை நாங்கள் எத்தனை திட்டு திட்டியிருப்போம். அவர் செய்ததும் நான் செய்ததும் ஒன்றுதான். அவருக்காவது அவள் பேர் தெரியாது.

அதற்குப் பிறகு சாயங்காலம் எனக்கு வேலை இல்லை. விளக்கு வைக்கிற நேரம் வந்தால் கால் தானாக எழுந்திருக்கும். பால் வாங்கப் போகிறேன் என்று அவள் வாசல் வழியாக நடப்பேன். அவள் குழாயடியில் இருப்பாள். என் நடை அவள் காதுக்குத் தெரியும். அவள் "யாரு?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். நான் நிற்பதில்லை.

கண்ணை அவள் உடனே காட்டிக்கொள்ளவில்லை. மருமகளுக்குப் பிரசவம், பிறகு குழந்தை, நாள் போய்விட்டது. ஒரு வருஷம் கழித்துப் போனபோது கண்ணுக்குள் அழுத்தம், போன பார்வை போனதுதான் என்று சொன்னார்களாம். ரெண்டு மூன்று வருஷத்தில் ரெண்டு கண்ணும் போனது. கம்பெனியில் இருந்திருந்தால் அந்தக் காகிதத்தோடு அந்த மாதமே போயிருப்பாள். பார்வை தங்கியிருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதுதான் பெரிய தொல்லை.

என் வீட்டுக்காரர் இறந்தபோது அவள் வந்தாள். பேசாதவர்களும் சாவுக்கு வருவது எங்கள் பக்கத்தில் உண்டு. மருமகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். பெண்கள் கூட்டத்தில் தடவித் தடவி என்னிடம் வந்து, என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள் தோளில் சோப்பு வாசனையும் கருவாட்டு வாசனையும் அடித்தது. நானும் அழுதேன். நான் யாருக்காக அழுதேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வார்த்தை பேசவில்லை. பிணம் எடுத்ததும் மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அவள் கொடுத்த எவர்சில்வர் டப்பா இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கொழம்பு கொடுத்த பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், சர்க்கரையோ கீரையோ ஏதாவது போட்டுத்தான் கொடுப்போம். அதில் என்ன போட்டுக் கொடுப்பது என்று பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தோன்றவில்லை.

போன மாதம் கூட்டம் முடிந்து வேன் ஏறும்போது எச்சாரம்மா என் பக்கத்தில் வந்தார். தலையில் ரெண்டு நரை தெரிந்தது. கழுத்து மாலையைக் கழற்றிக் கையில் சுற்றி வைத்திருந்தார்.

"அவங்க எப்படி இருக்காங்க?"

"ரெண்டு கண்ணும் தெரியல மா."

"பேசினீங்களா?"

"இல்ல மா."

கொஞ்ச நேரம் மாலையில் இருந்த பூவை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு நின்றார். "நானும் இன்னொரு தடவை வந்திருக்கணும். ஒரு தடவையோட விட்டுட்டேன்" என்றார். பிறகு, "நான் இந்த ஊர விட்டுப் போறேன் அம்மா. நீங்க அங்கதான இருக்கீங்க. ஏழு வூடுதான?" என்றார்.

நான் எத்தனை வீடு என்று அவரிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் என்னோடு நடந்து வந்தபோது எண்ணியிருக்கிறார். மைக்கில் சொல்லாமல் விட்டது அதுதான். ஆளை நடத்துகிறவர் இந்த மாதிரி எண்ணி வைத்துக்கொள்கிறவராக இருக்க வேண்டும்.

அதனால்தான் இதைச் சொல்லி எழுதவைத்தேன். நேரில் போனால் நான் சுற்றி வளைத்து என்னை நல்லவளாக்கிப் பேசிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதினது எழுதினபடி இருக்கும். அவளால் படிக்க முடியாது. இதை எழுதுகிற நீதான் அவளுக்குப் படிக்க வேண்டும். நான் அந்த வாசலில் நின்று முதலில் "நான்தான்" என்று சொல்வேன். அதை மட்டும் நானே சொல்வேன். அவள் "ம்" என்றால் நீ ஆரம்பி.

அதற்கு முன்னால் இப்போது எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டு, கண்ணு. முதல் வரியிலிருந்து, அவசரப்படாமல் படி. எந்த இடத்தில் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள் என்று நான் கேட்டுப் பார்க்க வேண்டும்.